ஈரத்துரை எந்த ஆளுவ?

மேற்கே மலையும் கிழக்கே ரயில் பாதையுமாக, ஆனி பிறந்தால் ஆவணி முடியும்வரை சாரல் விடாத எங்கள் மூங்கிலடியில், பாழடைந்த ஜமீன் மாளிகையின் முன்கூடத்தில் இயங்கிவந்த சான்றிதழ் மையத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, செத்து நூறு வருஷத்துக்கு மேலான ஒரு மனிதர் தன்னுடைய இறப்புச் சான்றிதழை வாங்க வந்து, டோக்கன் எடுத்து, பதினேழாவது ஆளாக வரிசையில் உட்கார்ந்தார். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் வாழ்நாளில் அரசாங்கத்திடம் ஒரு காகிதமும் வாங்கி அறியாதவர்கள். ராத்திரியில் வந்து அவர் யாரைப் பார்ப்பார்? மையத்தை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள்.

அவர் ஜரிகைக் கரை போட்ட பட்டு உடுத்தியிருந்தார், காதில் சிவப்புக் கல் கடுக்கன், தோள்வரை புரளும் முடி, அத்தனையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, வெளியே வெயில் அடித்தாலும் சொட்டியது. அவருடைய நெஞ்சு வழியாகப் பின்சுவரில் ஒட்டியிருந்த ‘தேவையான ஆவணங்கள்’ பட்டியலைத் தெளிவாகப் படிக்க முடிந்தது, எதிரே இருந்த பதினெட்டாவது ஆள் அதைப் படித்துவிட்டு, ரேஷன் கார்டு நகலை மறந்துவிட்டோமே என்று எழுந்து வீட்டுக்குப் போனார். மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள், நனையாமல் இருப்பதற்காக.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் செண்பகவடிவு. வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகாதவள். எங்கள் ஊரில் யார் பிறந்தாலும் செத்தாலும் அவள் விரல் பட்டால்தான் அது நடந்ததாகக் கணக்கு.

“பேரு?” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அறியேன், பெண்ணே.”

“அப்பா பேரு?”

“அதையும் அறியேன்.”

“இறந்த தேதி?”

“நீர் குளிர்ந்திருந்தது. அவ்வளவே நினைவில் நிற்கிறது.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அதை இந்தக் கட்டத்துல அடிக்க முடியாதுங்க. நட்சத்திரக் குறி போட்ட கட்டம் எல்லாம் கட்டாயம் நிரப்பணும். நாளைக்கு வாங்க, பாப்போம்.”

அவர் நாளைக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். காகிதம் கையில் இல்லாமல் மேலுலகத்தில் யாரும் உள்ளே விடுவதில்லையாம், அங்கும் வாசலில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு சான்று கேட்கிறாராம். கேட்டவர்கள் யாரும் இதை நம்ப மறுக்கவில்லை. அதெப்படி விடுவான் என்றுதான் சொன்னார்கள்.

ஒரு மாதத்துக்குள் ஊருக்கு அவர் பழகிப்போனார். ஜமீன் வீட்டில் தோன்றியதாலும் எப்போதும் நனைந்திருந்ததாலும் ஈரத்துரை என்று பெயர் விழுந்தது. வரிசையில் இடித்துக்கொண்டு முந்துகிறவர்களை அவர் ஒரு பார்வை பார்த்தால் முதுகுத்தண்டு சில்லிட்டுப்போகும் என்பதால் வரிசையை ஒழுங்கு செய்யும் பொறுப்பு தானாக அவரிடம் வந்தது. குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த பங்குனி மாதத்தில் மேலத்தெருப் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து, “கொஞ்சம் இப்படித் திரும்பி உக்காருங்க துரை” என்று அவர் காலடியில் வைத்துவிட்டு, விண்ணப்பம் முடிந்ததும் நிறைகுடத்தோடு வீட்டுக்குப் போனார்கள். சொட்டியது கிணற்றுத் தண்ணீர், கற்கண்டுபோல இனித்தது, பருப்பு பூவாக வெந்தது. சித்திரையில் யாரோ இரண்டு குடம் வைத்ததால் பெரிய சண்டை நடந்து, ஒரு வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினோம். அவர் என்ன நினைக்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

கேட்டது செண்பகவடிவு மட்டும்தான். மதியம் ஒரு மணிக்கு மையத்தில் ஆள் இருக்காது. அவள் டப்பாவைத் திறந்து புளிச்சோறு சாப்பிடுவாள், அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, அதன் மணத்தை விவரிக்கச் சொல்லிக் கேட்பார். மணத்தை எப்படிச் சொல்வது என்று முதல் நாள் வெட்கப்பட்டவள், பத்தாம் நாள் நல்லெண்ணெய் காய்வதிலிருந்து வெந்தயம் பொரிவதுவரை கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “உன் சொல்லே எனக்கு உணவாயிற்று” என்றார் அவர். முப்பத்தாறு வருஷத்தில் அவள் பேச்சை ஒரு மனிதர் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைப்பானேன், காதல்தான். அதனால் அந்தக் கட்டங்களில் உத்தேசமாக எதையாவது அடித்து அனுப்பலாம் என்று தெரிந்த பிறகும், அவள் அடிக்கவில்லை. சான்றிதழ் வந்தால் அவர் போய்விடுவார். நாளைக்கு வாங்க என்றாள், அவரும் சந்தோஷமாக நாளைக்கு வந்தார்.

இதற்கு முன்னால் அவளுக்குப் பதினான்கு வரன்கள் வந்து, பதினான்கும் தட்டிப்போயின. தட்டியவர் அவளுடைய தாய்மாமன் ஆதிமூலம். அப்பா இல்லாத பெண், மாமன் சம்மதம் இல்லாமல் பாக்கு மாற்ற முடியாது. ஆதிமூலமோ எங்கள் சாதிச் சங்கத்தின் தலைவர், ஊரின் நான்கு முனையிலும் ஃபிளெக்ஸ் பேனரில் கைகூப்பி நிற்பவர். வந்தவர்கள் எல்லோரும் எங்கள் சாதிதான், ஆனால் மாமா அதற்குள்ளும் தோண்டிப் பார்ப்பார். ஒருத்தர் ஆற்றுக்கு வடகரை, ஒருத்தருடைய பாட்டி வேறு கிளை, ஒருத்தர் வீட்டில் பொங்கலுக்கு வேறு மாதிரி கோலம் போட்டார்கள். பதினாலாவது மாப்பிள்ளையிடம் குற்றமே அகப்படவில்லை, அதனாலேயே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வைகாசியில் ஒருநாள் செண்பகவடிவு வீட்டில் சொல்லிவிட்டாள். “நான் ஈரத்துரையைக் கட்டிக்கிடுதேன்.”

அவள் அம்மா சொர்ணம் அரிசியைக் களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. “நல்ல மனுசருதான். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்ல. ஆனா எந்த ஆளுவன்னு தெரியாம எப்படிட்டி?”

ஊரும் அதையேதான் கேட்டது, என்ன சாதி என்று. மாப்பிள்ளை செத்தவர் என்பது எங்களில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. சொல்லப்போனால் அதிலுள்ள வசதிகளைத்தான் பேசிக்கொண்டோம். குடிக்க மாட்டார், துபாய்க்குப் போக மாட்டார், மாமியார் நாத்தனார் இல்லை, இனிமேல் சாகவும் மாட்டார். நெஞ்சு வழியாகச் சுவர் தெரிவதுகூடப் போகப்போகச் சரியாகிவிடும் என்றோம். ஆனால் எந்த ஆளுவ? அது தெரியாமல் பந்தியில் எப்படி உட்காருவது, பத்திரிகையில் என்ன பட்டம் போடுவது, நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? நூறு வருஷமாக ஜமீன் வீட்டில் ஒருவர் எப்படிச் செத்தார் என்று விசாரிக்காத ஊர், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க ஆரம்பித்தது.

விசாரணையை ஆதிமூலம் எடுத்துக்கொண்டார். ஒரு முழு நாள் ஈரத்துரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பட்டைப் பார்த்தார், கடுக்கனைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார். ஈரத்துரை தண்ணீர் கேட்கிறவருக்குக்கூட “தாகம் தணிய அருந்துக” என்பார். மாலையில் மாமா முகம் மலர எழுந்தார். “சந்தேகமே இல்ல. இது ஜமீன் ரத்தம். காணாமப்போன இளையவரு ஒருத்தரு உண்டுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. ஜமீன் யாரு? நம்ம ஆளுவ. அப்போ இவரு யாரு?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “நம்ம ஆளுவ!” என்றோம் எல்லோரும், எங்களுக்கும் அந்த நாட்களில் அவர்மேல் பிரியம் இருந்தது.

செண்பகவடிவு அன்றைக்குப் பிச்சிப்பூ வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை என்பது போதவில்லை, ஆதாரமும் வேண்டும். துரை சொட்டுகிற தண்ணீர் மாளிகைக்குப் பின்னால் கல் பாவி மூடிய பழைய கிணற்றுத் தண்ணீர் என்று பருப்பு வேகவைத்த பெண்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். கிணற்றைத் திறந்தால் ஜமீன் முத்திரை மோதிரமாவது கிடைக்கும், அதைப் பத்திரிகையில் அச்சடிக்கலாம் என்று மாமா நாள் குறித்தார். வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, ‘எங்கள் குலக்கொழுந்தே வருக’ என்று இருபதடி பேனர் வைத்தார்கள். கேமராவில் துரை விழாததால் பேனரில் தலைப்பாகையும் பட்டும் இருந்தன, நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது. மாமாவின் முகம் மூன்று இடத்தில் இருந்தது.

சாரல் பெய்துகொண்டிருந்த காலை பதினொரு மணிக்குக் கல்லைப் புரட்டினார்கள். மோட்டார் வைத்து நீரை இறைத்ததும் முதலில் ஒரு தகரப் பெட்டி வந்தது. அதற்குள் தங்கக் காகிதம் ஒட்டிய மரக் கிரீடம், தகரத்தில் செய்த வாள், அரிதாரக் கட்டிகள், சாயம் போன ஒரு நாடக நோட்டீஸ். ‘மஹாராஜா வேஷத்தில் தோன்றுபவர்’ என்பதற்குக் கீழே பெயர் இருந்த இடத்தைத் தண்ணீர் தின்றிருந்தது. அதற்குப் பிறகு எலும்புகள் வந்தன, ஒரு குழவிக்கல்லோடு சேர்த்துக் கட்டிய கயிறும் வந்தது. மேளக்காரர்கள் நிறுத்தச் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள்.

ஈரத்துரை மரக் கிரீடத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற குரலில், நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்: “நான் கூத்தாடி. பத்து நாள் இந்த மாளிகையில் அரசனாக நடித்தேன். பதினோராம் நாள் இந்த வீட்டுப் பெண் என்னோடு புறப்படச் சம்மதித்தாள். அவள் முகம் எனக்கு நினைவில்லை.” செண்பகவடிவுக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று மாளிகையை நிமிர்ந்து பார்க்கவும் வைத்தது. “ஆனால் கயிறு கட்டியவருடைய முகம் நினைவிருக்கிறது” என்று சொல்லிவிட்டு அவர் ஆதிமூலத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜமீனில் எல்லா வேலைக்கும் வலது கையாக இருந்தவர் மாமாவின் பூட்டனார் என்பதும், மாமா அவரை அப்படியே உரித்து வைத்திருக்கிறார் என்பதும் ஊரறிந்த சங்கதி, மாமாவே அதை மேடையில் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

கொலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்தான் கேட்டது: “கூத்தாடின்னா... எந்த ஆளுவளோ, என்னமோ?” அரை மணி நேரத்தில் பேனரை அவிழ்த்து மடித்துவிட்டார்கள். அவரவர் குடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போய், அன்று முதல் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீருக்கே காத்திருந்தோம். அந்தத் தண்ணீரில் சமைத்துத் தின்ற மூன்று மாதத்தைப் பற்றி யாரும் நினைவுபடுத்தவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

சங்கம் அன்று மதியமே கூடி, மேற்படி நபர் இனி ஊரில் இருப்பது யாருக்கும் நல்லதல்ல என்று முடிவு செய்தது. எப்படி அனுப்புவது? அவர் கேட்டு வந்ததைக் கொடுத்து அனுப்பினால் போயிற்று. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஆறு மாதத்தில் நடக்காத வேலை, ஒரு செத்தவருக்கு ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது. வி.ஏ.ஓ. கையெழுத்தோடு வந்து நின்றார், மேலே எல்லா அதிகாரிகளும் ஒப்புதல் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பதாகப் போன் வந்தது. மூன்று மணிக்கு ஆதிமூலம் முப்பது பேரோடு மையத்துக்குள் நுழைந்தார்.

“எனக்கு இப்போது அந்தக் காகிதம் வேண்டாம்” என்றார் ஈரத்துரை, பெஞ்சிலிருந்து எழுந்து.

“நீரு கேட்டாலும் கேக்காட்டாலும் கொடுப்போம்வே. மனு போடுதது நான்” என்றார் மாமா. பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். “மனுவை அடி, செம்பகம்.”

அவள் யோசித்தாள். மறுக்கலாம், மறுத்தால் வேறு ஊர் மையத்தில் போய் அடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவள் ஈரத்துரையைப் பார்த்தாள். அவர் நெஞ்சு வழியாகச் சுவர் தெரியவில்லை, அவள் கண்ணில் நீர் நின்றதால் எதுவுமே தெரியவில்லை. ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். பெயருக்கு ‘நாடக நடிகர்’ என்று வி.ஏ.ஓ. சொன்னார், அடித்தாள். தேதிக்கு இன்றைய தேதியைப் போடு என்றார், போட்டாள். பிறகு ஒரு கட்டத்தில் நின்றாள்.

“இறந்தவரோட ஆதார் நம்பர் கேக்குது மாமா. அது இல்லாம நகராது.”

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் தயங்கியதில்லை. கேஸ் இணைப்புக்கு மச்சினன் நம்பர், முதியோர் மனுவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர், எதையாவது போட்டு உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்வதுதான் வழக்கம். “என் நம்பரைப் போடு. அப்புறம் திருத்தம் போட்டுக்கிடலாம்” என்றார் மாமா.

அவள் விரல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க நம்பரையா மாமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“போடுங்கேன்லா!”

“இறந்தவர் நம்பர்ங்கிற கட்டம் மாமா இது.”

“எனக்குப் படிக்கத் தெரியும்ட்டி. போடு.”

“ஒருக்கா போயிட்டா நான் நினைச்சாலும் உடனே நிப்பாட்ட முடியாது.”

“முப்பது பேரு நிக்காவ, நீ என்ன பஞ்சாங்கமா படிக்கே? போடு!”

போட்டாள். நம்பர் விழுந்ததும் நாடக நடிகர் என்ற பெயரைக் கம்ப்யூட்டர் தானே அழித்துவிட்டு ஆதிமூலம் என்று எழுதிக்கொண்டது. மாமாவின் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஆறு எண்ணையும் அவரே ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். அவள் ஒவ்வொன்றாக அடித்து, பொத்தானை அழுத்தினாள். மேலே விரல் வைத்துக் காத்திருந்த எல்லோரும் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தார்கள். நான்கு நிமிஷத்தில் பிரிண்டர் கரகரவென்று துப்பிய காகிதத்தில், மூங்கிலடி ஆதிமூலம் இன்று காலமானார் என்று முத்திரையோடு இருந்தது.

முதலில் எல்லோரும் சிரித்தோம். மறுநாள் ரேஷன் கடையில் மாமாவின் கட்டைவிரலை எந்திரம் ஏற்கவில்லை. மூன்றாம் நாள் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் போனது. சங்கத்தின் விதிப்படி தலைவர் இறந்தால் துணைத்தலைவர் தலைவராக வேண்டும், அவர் பதினைந்து வருஷமாக அதற்குக் காத்திருந்தவர், கண்ணீர் அஞ்சலி பேனர் நான்கு முனையிலும் வைத்தார், அதிலும் மாமா கைகூப்பித்தான் நின்றார். “நான் உயிரோட இருக்கேன்லே!” என்று அவர் பேனருக்குக் கீழே நின்று கத்தினார். “இருக்கீங்க அண்ணாச்சி, யாரு இல்லேங்கா? ஆனா பேப்பர்ல வந்துட்டுதே” என்று அனுதாபமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் சாரலுக்கு நடுவே வெயில் அடித்தபோது அவருடைய நிழல் விழவில்லை. எட்டாம் நாள் சட்டை வழியாகப் பின்னால் நின்ற தென்னைமரம் மங்கலாகத் தெரிந்தது.

பத்தாம் நாள் காலை அவர் மையத்துக்கு வந்து டோக்கன் எடுத்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். ஈரத்துரை மட்டும் நகரவில்லை. தன்னைக் கொன்றவருடைய முகம் ஒரு முழத் தொலைவில் இருந்தும், “அமர்க. முதல் சில நாள் குளிரும், பிறகு பழகிவிடும்” என்றார். ஆதிமூலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முறை வந்ததும் செண்பகவடிவு ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். “திருத்த மனு. எல்லாம் அடிச்சு வச்சிட்டேன், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு முகூர்த்தம் மாமா. தாலி ஏறினதும் அனுப்பிடுதேன்.”

“நான் சம்மதிக்கணும், அவ்வளவுதானே?” என்றார் மாமா, மெலிந்த குரலில்.

“இல்ல மாமா. சம்மதம் உயிரோட இருக்கிற மாமன்தான் சொல்ல முடியும். எனக்கு அது வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உக்கார ஆளில்ல. செத்துப்போன அவுக கூட்டத்துல இந்த ஊருல இருக்கிறது நீங்க ஒருத்தருதான்.”

வெள்ளிக்கிழமை காலை அம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் முழுக்க இருந்தது. எங்கள் எல்லோருடைய ஆதாரும் அவள் விரல் நுனியில் இருக்கிறது என்பதை இத்தனை நாளாக நினைத்து நினைத்துப் பார்த்தவர்கள் நாங்கள், ஒருத்தரும் வராமல் இருக்கவில்லை. இந்தப் பக்கம் சொர்ணம் தாம்பூலத் தட்டோடு நின்றாள். அந்தப் பக்கம், ஈரம் சொட்டும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், அரைகுறையாகத் தெரிந்தபடி ஆதிமூலம் நின்றார். பாக்கு மாற்றும் முன் பெண் வீட்டார் சபையறியக் கேட்பதும், மாப்பிள்ளை வீட்டார் சபையறியச் சொல்வதும் எங்கள் வழக்கம். சொர்ணம் தன் கூடப்பிறந்த தம்பியை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “மாப்பிள்ளை எந்த ஆளுவ?”

மாமா தரையைப் பார்த்தார். அவர் நிழல் விழவேண்டிய இடத்தில் வெயில் மட்டும் கிடந்தது.

“எங்க ஆளுதான்” என்றார். முன்வரிசைக்கே சரியாகக் கேட்காததால் அவரே இன்னொரு தடவை, பேனர் வைக்கிற காலத்துக் குரலில் சொன்னார்: “மாப்பிள்ளை எங்க ஆளுதான்!”

பதினான்கு வரன் தட்டிப்போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத செண்பகவடிவு, மணையில் உட்கார்ந்தபடியே முகத்தை மூடாமல், சத்தமாக, எங்கள் எல்லோர் முன்னாலும் அழுதாள். ஈரத்துரை தாலியைக் கையில் பிடித்தபடி பதறிப்போய், ஏன் அழுகிறாய் பெண்ணே என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல. நேரமாவுது, கட்டுங்க” என்றாள்.